பழைய மெயிலுக்குள் புகுந்த புது வங்கிக் கணக்கு

கேள்வி:

திருப்பூரில் குழந்தைகள் ஆடை தைத்து ஏற்றுமதி செய்யும் சிறிய கம்பெனி எங்களுடையது. அப்பா தொடங்கியது, இப்போது நானும் பார்த்துக்கொள்கிறேன். ஜிப்பர், பட்டன் எல்லாம் சீனாவில் நிங்போவில் உள்ள ஒரே சப்ளையரிடம்தான் மூன்று வருடமாக வாங்குகிறோம். 30 சதவீதம் அட்வான்ஸ், மீதி 70 சதவீதம் பி.எல். (கப்பலில் சரக்கு ஏறியதற்கான ரசீது; அது கைக்கு வந்தால்தான் சரக்கை எடுக்க முடியும்) காப்பி வந்ததும் என்பது வழக்கம். இந்த முறை அட்வான்ஸ் 9,000 டாலர் சரியாகப் போய்ச் சேர்ந்தது. பாக்கி 21,000 டாலருக்கு பில் வந்தபோது, “எங்கள் கணக்கில் ஆண்டுத் தணிக்கை நடக்கிறது, இந்த முறை ஹாங்காங் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள்” என்று அதே மெயில் தொடரில் எழுதியிருந்தார்கள். எங்கள் அக்கவுண்டன்ட் அண்ணனும் வங்கியில் கொடுத்து அனுப்பிவிட்டார். ஒன்பது நாள் கழித்து சப்ளையர் வாட்ஸ்ஆப்பில் வந்து, “பணம் எப்போது வரும்?” என்கிறார். சரக்கு தூத்துக்குடியில் இறங்கிவிட்டது, பி.எல். ரிலீஸ் பண்ண மாட்டேன் என்கிறார்.

அண்ணன் எங்களிடம் 14 வருடமாக இருக்கிறார். “எப்போதும் எனக்குக் காப்பி போடுவாயே, இதற்கு மட்டும் ஏன் போடவில்லை?” என்று அப்பா அவரைத்தான் சந்தேகப்படுகிறார். ஆபீஸில் யாரும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதே மெயிலுக்குள் வேறு ஆள் எப்படிப் பேச முடியும்? பணம் திரும்பி வருமா? இனி இப்படிப்பட்ட மெயிலை எப்படி அடையாளம் காண்பது? அந்த மெயிலையும் சப்ளையரின் பழைய மெயில் ஒன்றையும் டவுன்லோடு செய்து இணைத்திருக்கிறேன்.

- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மூன்று கேள்விகளில் நடுவில் உள்ளதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டும் நாளைக்குப் படித்தாலும் ஆகும். பணத்துக்கு அப்படி இல்லை.

பணம் அனுப்பிய வங்கிக் கிளையின் ஃபாரெக்ஸ் பிரிவுக்கு இன்றே எழுத்தில் கொடுங்கள். போனில் சொன்னது கணக்கில் வராது. “இது மோசடி, ஸ்விஃப்ட் வழியாக ரீகால் அனுப்புங்கள், பணம் பெற்ற வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவுக்கும் தெரிவியுங்கள்” என்று கடிதத்தில் இருக்க வேண்டும். ஸ்விஃப்ட் என்பது நாடு விட்டு நாடு பணம் அனுப்ப வங்கிகள் பேசிக்கொள்ளும் செய்தி வலை; ரீகால் என்றால் அனுப்பிய பணத்தைத் திரும்பக் கேட்பது. கூடவே ஸ்விஃப்ட் காப்பி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அதில் யூஇடிஆர் என்று 36 எழுத்து நீளத்தில் ஓர் எண் இருக்கும். பணம் இடையில் எந்த வங்கிகளைத் தாண்டிப் போனது, எங்கே வரவானது என்று பார்க்க அந்த எண் போதும். எந்த நாட்டு போலீசிடம் போனாலும் முதலில் கேட்பதும் அதைத்தான்.

ரீகால் என்பது வேண்டுகோள் மட்டும்தான். பணம் எதிராளியின் கணக்கில் ஏறிவிட்டால், அவர் சம்மதமோ போலீஸ் உத்தரவோ இல்லாமல் அந்த வங்கி தானாகத் திருப்பித் தராது. அதனால் வங்கி வேலை ஒரு பக்கம் நடக்க, மறுபக்கம் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்; சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்திலும் பதியுங்கள். நேரில் திருப்பூர் சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போய் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான) ரசீது வாங்குங்கள், எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லியும் கேளுங்கள். 1930 முக்கியமாக உள்நாட்டு வங்கிகளுக்குள் பணத்தை நிறுத்தி வைப்பதற்கான ஏற்பாடு. ஹாங்காங் கணக்கை அங்கிருந்தபடி முடக்க முடியாது. ஆனாலும் அந்தப் புகார் எண் இல்லாமல் அடுத்த படி எதுவும் நகராது.

ஹாங்காங் போலீசில் இதற்கென்றே மோசடித் தடுப்பு ஒருங்கிணைப்பு மையம் என்று ஒன்று 2017 முதல் இயங்குகிறது. 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள்; வங்கிகளோடு பேசிப் பணத்தை நிறுத்துவதுதான் அவர்கள் வேலை. உள்ளூர் உதவி எண் 18222. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஹாங்காங் போலீசின் இணையவழிப் புகார் மையத்தில் ஆங்கிலத்தில் எழுதலாம். நம் போலீஸ் மூலமாகவும் போக வேண்டும்: இன்டர்போலுக்கு இந்தியாவின் தொடர்பு அமைப்பு சி.பி.ஐ. பண மோசடிகளை அவசரமாக நிறுத்த இன்டர்போலில் ஐ-கிரிப் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. காவல் நிலையத்தில் அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் கேட்காமல் யாரும் அந்தக் காகிதத்தை எடுக்க மாட்டார்கள்.

ஒன்பது நாள் ஆகிவிட்டதே, பிரயோஜனம் உண்டா? நம்பிக்கை குறைவுதான். இப்படி வரும் பணம் பெரும்பாலும் கணக்கில் தங்குவதில்லை, பல கணக்குகளுக்குப் பிரிந்து போய்விடும். ஆனால் எப்போதும் அப்படி இல்லை. 2024 ஜூலையில் சிங்கப்பூரில் ஒரு சரக்கு வர்த்தக நிறுவனத்துக்கு உங்களுக்கு நடந்ததேதான் நடந்தது: சப்ளையர் பெயரில் மெயில், முகவரியின் எழுத்தில் சிறு வித்தியாசம், திமோர் லெஸ்தேயில் புதிய கணக்கு. மெயில் வந்தது 15-ம் தேதி, 4 கோடியே 23 லட்சம் டாலர் போனது 19-ம் தேதி. உண்மையான சப்ளையர் பணம் வரவில்லை என்று சொன்னது 23-ம் தேதி. போலீசுக்குப் போனதும் அன்றுதான். பணம் போய் நான்கு நாள். அப்படியும் ஐ-கிரிப் வழியாக 3 கோடியே 90 லட்சம் டாலரை 25-ம் தேதி அந்தக் கணக்கிலேயே பிடித்து நிறுத்திவிட்டார்கள். பின்னர் ஏழு பேர் கைதாகி, இன்னும் 20 லட்சம் டாலருக்கு மேல் மீண்டது. அவ்வளவு பெரிய தொகைக்குக் கிடைத்த வேகம் 21,000 டாலருக்குக் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. “ஒன்பது நாளாச்சு, போகட்டும்” என்று உட்கார வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

இரண்டு விஷயத்தில் மட்டும் எதிர்பார்ப்பு வேண்டாம். அங்கீகாரம் இல்லாமல் நடந்த மின்னணுப் பரிவர்த்தனையை மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்று ரிசர்வ் வங்கி 2017-ல் ஒரு சுற்றறிக்கை விட்டது. அதை யாராவது உங்களுக்கு எடுத்துக்காட்டுவார்கள். உங்கள் பணத்தை உங்கள் கையெழுத்தில்தான் வங்கி அனுப்பியிருக்கிறது, ஆகவே அது இங்கே பொருந்தாது. இன்னொன்று, புகார் பதிந்த பிறகு, “உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் இவ்வளவு கட்டுங்கள்” என்று போனோ மெயிலோ வரலாம். வக்கீல் என்பார்கள், ஹாங்காங் போலீஸ் என்றே கூடச் சொல்வார்கள். ஒரு முறை ஏமாந்தவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு பிழைக்கும் கூட்டம் அது. ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

இனி, அதே மெயிலுக்குள் வேறு ஆள் எப்படி வந்தான் என்பதற்கு வருகிறேன். நீங்கள் ஸ்கிரீன்ஷாட் எடுக்காமல் மெயிலையே டவுன்லோடு செய்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. ஃபார்வர்டு செய்திருந்தால்கூட உள்ளே இருக்கும் ஹெடர் விவரம் (மெயில் எங்கிருந்து, எந்த வழியாக வந்தது என்ற குறிப்பு) போயிருக்கும். போலீசுக்கும் இதே கோப்பைக் கொடுங்கள், அந்த மெயில்களை எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள்.

சப்ளையரின் உண்மையான முகவரி, ஜிப்பர் என்ற ஆங்கிலச் சொல்லில் இரண்டு ‘பி’ போட்டு முடிகிறது. ஹாங்காங் கணக்கைச் சொல்லி வந்த மெயிலில் ஒரே ‘பி’. அனுப்பியவர் பெயராக அந்த விற்பனைப் பெண்ணின் பெயர் அப்படியே இருக்கிறது. போனில் பார்த்தால் பெயர் மட்டும்தான் தெரியும், முகவரி தெரியாது. கீழே உங்கள் இரு தரப்பும் இரண்டு மாதமாகப் பேசியது முழுவதும் ஒட்டியிருக்கிறது. பி.எல். காப்பியும் அசல்தான். பில் கூட அசல் பிடிஎஃப்தான். வங்கி விவரம் இருக்கும் நான்கு வரியை மட்டும் மாற்றியிருக்கிறான். உற்றுப் பார்த்தால் கணக்கு எண்ணின் எழுத்து, மற்ற எண்களைவிட ஒரு நூல் தடிமன். மாலை ஆறு மணிக்கு வங்கிக்கு அனுப்ப வேண்டிய அவசரத்தில் இதை யார் பார்ப்பார்கள்?

இப்போது சிசி வரியைப் பாருங்கள். அதில் உங்கள் அப்பாவின் பெயர் இருக்கிறது. அண்ணன் ‘ரிப்ளை ஆல்’ கொடுத்துத்தான் பதில் போட்டிருக்கிறார், அப்பாவுக்குக் காப்பி போட்டும் இருக்கிறார். ஆனால் அந்த முகவரி உங்கள் அப்பாவுடையது இல்லை. உங்கள் கம்பெனி முகவரியில் ‘கார்மென்ட்ஸ்’ என்று ஆங்கிலத்தில் வரும் இடத்தில், ‘எம்’ எழுத்தை எடுத்துவிட்டு ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் ஒட்டி வைத்திருக்கிறான். திரையில் கண் இடுக்கிப் பார்த்தாலும் ‘எம்’ போலத்தான் இருக்கும். இந்த இரண்டு போலி டொமைன்களையும் (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) யார் எப்போது பதிந்தது என்று தேடினேன். பதிந்தவர் விவரம் மறைக்கப்பட்டிருக்கிறது, ஆனால் தேதி தெரிகிறது. இரண்டும் ஒரே நாளில், உங்கள் அட்வான்ஸ் போன வாரத்தில் பதிவானவை.

உங்கள் பெயரில் எதற்கு ஒரு டொமைன்? அப்பாவுக்குக் காப்பி போகாமல் தடுக்க மட்டும் இல்லை. உங்களிடம் சப்ளையராகப் பேசியவனே சப்ளையரிடம் நீங்களாகப் பேசியிருப்பான். “வங்கியில் விடுமுறை, அடுத்த வாரம் அனுப்புகிறோம்” என்று ஒரு மெயில் அவருக்குப் போயிருக்கும். இல்லாவிட்டால் 70 சதவீதப் பாக்கிக்கு ஒரு சீன வியாபாரி ஒன்பது நாள் சும்மா இருப்பாரா? அவரிடம் கேட்டுப் பாருங்கள். இருந்தால் அதையும் டவுன்லோடு செய்து அனுப்பச் சொல்லுங்கள். வழக்குக்கும், உங்கள் இருவருக்கும் இடையே உள்ள கசப்புக்கும் அது உதவும்.

ஆக, இரண்டு மெயில் பெட்டிகளில் ஒன்றை யாரோ சில வாரங்களாக உட்கார்ந்து படித்திருக்கிறார்கள். உங்களுடையதா, சப்ளையருடையதா என்று இந்த ஒரு மெயிலை வைத்து என்னால் சொல்ல முடியாது. நீங்களே பார்க்கலாம். அக்கவுண்ட்ஸ் மெயிலில் செட்டிங்ஸ் போய், ஃபில்டர் அல்லது ரூல்ஸ் என்ற பகுதியையும் ஃபார்வர்டிங் பகுதியையும் திறங்கள். நீங்கள் யாரும் போடாத விதி ஏதாவது இருக்கிறதா? சப்ளையர் பெயர், ‘இன்வாய்ஸ்’, ‘பேமென்ட்’ போன்ற சொற்கள் வரும் மெயிலை டிராஷுக்கோ ஆர்கைவுக்கோ தள்ளும் விதி இருந்தால் திருடன் உங்கள் வீட்டில்தான் இருந்திருக்கிறான். அவுட்லுக்கில் யாரும் எட்டிப்பார்க்காத ‘ஆர்எஸ்எஸ்’ ஃபோல்டருக்குத் தள்ளி வைப்பதும் இவர்களுக்குப் பழக்கம். ஜிமெயிலாக இருந்தால் கம்ப்யூட்டரில் திறந்து, கீழே வலது மூலையில் ‘டீடெயில்ஸ்’ அழுத்துங்கள். கடைசியாக எங்கிருந்தெல்லாம் அந்தக் கணக்கு திறக்கப்பட்டது என்று வரும். எதையும் அழிக்கும் முன் படம் எடுத்து வையுங்கள். பிறகு பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் லாக்அவுட் செய்து, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு ஃபார்வர்டு விதியை விட்டுவைத்தால், அவன் உள்ளே வராமலே படித்துக்கொண்டிருப்பான்.

உங்கள் பக்கம் எதுவும் சிக்காவிட்டால் சப்ளையரின் பெட்டியாக இருக்கலாம். அதற்காக அவர்மேல் பாய வேண்டாம். பொதுவாக, வேறொருவன் கணக்குக்குப் போன பணம் சப்ளையருக்குக் கொடுத்த பணமாக ஆகாது, கடன் நிற்கும். அவர் பெட்டி உடைந்ததுதான் காரணம் என்று நிரூபித்தால் நஷ்டத்தைப் பங்குபோடக் கேட்க வலுவான நியாயம் இருக்கிறது, ஆனால் வழக்கு என்று போனால் எந்த நாட்டில் போடுவது என்பதிலேயே வருடம் ஓடும். சரக்கு தூத்துக்குடியில் ஒவ்வொரு நாளும் வாடகை ஏற்றிக்கொண்டு நிற்கிறது. ஜிப்பர் வராமல் உங்கள் ஆர்டரும் நிற்கும் என்பது நீங்கள் சொல்லாமலே தெரிகிறது. ஆகவே வீடியோவில் முகம் பார்த்துப் பேசி, பாக்கியில் ஒரு பகுதியைப் பழைய நிங்போ கணக்குக்கு அனுப்பி பி.எல். ரிலீஸ் வாங்குவதும், மிச்சத்தை அடுத்தடுத்த ஆர்டர்களில் கழிப்பதும்தான் நான் உங்கள் இடத்தில் இருந்தால் முயல்வது. மூன்று வருட வியாபாரம் என்பதால் அவருக்கும் உங்களை இழக்க மனம் வராது. பேசி முடித்ததை எழுத்தில் வாங்குங்கள்.

வங்கியில் இன்னொரு சிக்கல் வரும், முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். இறக்குமதிக்காக வெளியே போகும் ஒவ்வொரு டாலரும் ஐடிபிஎம்எஸ் என்ற ரிசர்வ் வங்கி அமைப்பில் ஒரு பில் ஆஃப் என்ட்ரியோடு (சரக்கு இறங்கும்போது சுங்கத்துறையில் பதியும் ஆவணம்) பொருந்த வேண்டும். மோசடிக்காரனுக்குப் போன 21,000 டாலருக்குச் சரக்கு எதுவும் வரப்போவதில்லை, அது திறந்தே கிடக்கும். அதே பில்லுக்கு இரண்டாம் முறை பணம் அனுப்பப் போனால் கிளையில் கேள்வி வரும். புகார் ரசீதையும் ரீகால் கடிதத்தையும் வைத்து இப்போதே ஃபாரெக்ஸ் பிரிவில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் ஆடிட்டருக்கும் ஒரு காப்பி போகட்டும். கம்பெனிக்கு சைபர் காப்பீடு இருந்தால் பாலிசியைப் புரட்டிப் பாருங்கள். ஏமாந்து தானே அனுப்பிய பணத்துக்கு ஈடு தருமா என்பதைத் தனிப் பிரிவாக எழுதியிருப்பார்கள், அறிவிக்கக் கெடுவும் இருக்கும்.

கடைசிக் கேள்வி: இனி எப்படி அடையாளம் காண்பது?

என் பதில் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். மெயிலைப் பார்த்து அடையாளம் காணலாம் என்ற நம்பிக்கையை விடுங்கள். எழுத்துப்பிழை இருக்கும், ஆங்கிலம் கொச்சையாக இருக்கும், லாட்டரி விழுந்தது என்பான் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்த காலம் போய்விட்டது. ஏஐ வந்த பிறகு இவர்கள் எழுதும் ஆங்கிலம் உங்களுடையதையும் என்னுடையதையும்விடச் சுத்தம். உங்கள் மெயிலில் அவசரப்படுத்தும் வார்த்தைகூட ஒன்றும் இல்லை. ஹெடரைத் திறந்து பார்த்தால், மெயில் அந்த டொமைனிலிருந்துதான் வந்ததா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று சோதனைகளுக்கும் ‘பாஸ்’ என்றுதான் இருக்கிறது. ஒற்றை ‘பி’ டொமைனின் சொந்தக்காரன் அவன்தான்; அதிலிருந்து அவன் அனுப்பியது சரியாக அனுப்பப்பட்டது என்பதற்கு மேல் அந்த ‘பாஸ்’ எதையும் சொல்வதில்லை.

ஃபேஸ்புக்கும் கூகுளும் இதில் ஏமாந்திருக்கின்றன. எவால்டாஸ் ரிமாசாஸ்காஸ் என்ற லிதுவேனியாக்காரர், அந்த இரு நிறுவனங்களுக்கும் கருவிகள் செய்து கொடுக்கும் தைவானின் குவான்டா கம்ப்யூட்டர் பெயரிலேயே லாட்வியாவில் ஒரு கம்பெனியைப் பதிவு செய்தார். போலி பில், போலி ஒப்பந்தம், போலி முத்திரை, கூடவே மெயில். 2013 முதல் 2015 வரை 12 கோடி டாலருக்கு மேல் வாங்கிவிட்டார். 2019 டிசம்பரில் நியூயார்க்கில் ஐந்து வருடச் சிறைத் தண்டனை கிடைத்தது. மெயில் பாதுகாப்பில் உலகத்துக்கே பாடம் எடுப்பவர்களின் அக்கவுண்ட்ஸ் பிரிவு இரண்டு வருடம் ஏமாந்தது என்றால், உங்கள் அண்ணன் ஒரு மாலையில் ஏமாந்ததற்கு அவரைச் சந்தேகப்படுவது நியாயமா என்று அப்பாவிடம் கேளுங்கள். சிசி வரியைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டிவிட்டுக் கேளுங்கள்.

ஆகவே தடுப்பை மெயிலில் வைக்காமல் பணம் வெளியே போகும் வாசலில் வையுங்கள். வங்கிக் கணக்கு மாறுகிறது என்று யார் சொன்னாலும், எந்தக் காரணத்துக்காகச் சொன்னாலும், மெயிலில் சொன்னதை மெயிலில் கேட்டு உறுதி செய்யக் கூடாது. அந்த மெயிலின் அடியில் இருக்கும் போன் நம்பருக்கும் கூப்பிடக் கூடாது. முதல் ஆர்டர் சமயத்தில் வாங்கிய விசிட்டிங் கார்டிலோ பழைய பி.ஐ.யிலோ (ஆர்டருக்கு முன் தரும் உத்தேச பில்) உள்ள எண்ணுக்கு, நாம் கூப்பிட வேண்டும். அவர்கள் கூப்பிட்டு “நாங்கள்தான்” என்று சொன்னால் போதாது, வீடியோவில் முகம் தெரிந்தாலும் போதாது. 2024-ல் ஆரப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் அலுவலக ஊழியர், வீடியோ கூட்டத்தில் மேலதிகாரிகளின் முகத்தையும் குரலையும் நம்பி 20 கோடி ஹாங்காங் டாலர் அனுப்பினார். அந்த முகங்கள் எல்லாமே டீப்ஃபேக்.

2020 ஜூனில் வீசாட்டை இந்தியா தடை செய்ததிலிருந்து சீன சப்ளையரிடம் உடனடியாகக் குரல் கேட்க இருந்த ஒரு வழி குறைந்தது உண்மைதான். பலரும் மெயிலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கணக்கு மாறும்போது ஓர் ஐ.எஸ்.டி. அழைப்புக்குச் செலவு பண்ணுங்கள், அவ்வளவுதான். கணக்கு விவரத்தைத் திருத்துபவர் ஒருவர், பணம் அனுப்பக் கையெழுத்திடுபவர் வேறொருவர் என்று பிரியுங்கள். கையெழுத்திடுபவர் பில்லில் உள்ள கணக்கைப் பார்க்காமல், ஃபைலில் உள்ள பழைய கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். புதிய கணக்கு என்றால் ஒரு நாள் ஆறப்போடுங்கள்.

ஒப்பிடும்போது ஸ்விஃப்ட் கோடின் ஐந்தாவது, ஆறாவது எழுத்துகளைப் பார்க்க அண்ணனுக்குச் சொல்லிக்கொடுங்கள். அது நாட்டின் குறி. சீனா என்றால் ‘சி’, ‘என்’. ஹாங்காங் என்றால் ‘எச்’, ‘கே’. நிங்போ ஃபேக்டரிக்கு ஹாங்காங் கணக்கு இருப்பது தப்பில்லை, சீன வியாபாரிகள் பலர் அங்கே கணக்கு வைத்திருக்கிறார்கள். அதனாலேயே மோசடிக்காரர்களுக்கும் ஹாங்காங் வசதி. நாடு மாறியது என்றால் போனை எடுக்க வேண்டும் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். “பெறுபவர் பெயர் சரியாக இருந்ததே” என்று அண்ணன் சொல்வார். வெளிநாட்டுப் பரிமாற்றத்தில் பல வங்கிகள் கணக்கு எண்ணைத்தான் பார்த்து வரவு வைக்கின்றன. நம் ஊரிலேயே நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் அனுப்பும் முன் பெயரைக் காட்டும் வசதிக்கு ரிசர்வ் வங்கி வைத்த கெடு 2025 ஏப்ரல் 1 தான்.

ஆபீஸ் மெயிலையும் ஒழுங்குபடுத்துங்கள். நான் போகும் கம்பெனிகளில் அடிக்கடி பார்ப்பது, அக்கவுண்ட்ஸ் மெயிலை நாலு பேர் ஒரே பாஸ்வேர்டில் திறப்பது. வேலையை விட்டுப்போன மெர்ச்சன்டைசர் போனில் அது இன்னமும் திறந்தே இருக்கும். ஆளுக்கு ஒரு கணக்கு வேண்டும், முடிந்தால் பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாக உங்கள் போன் அல்லது கம்ப்யூட்டரின் பூட்டைக் கொண்டே திறக்கும் முறை) போடுங்கள். எஸ்.எம்.எஸ். ஓ.டி.பி. இருப்பது இல்லாததற்கு மேல். ஆனால் போலி லாகின் பக்கத்தில் தட்டும் ஓ.டி.பி.யை அப்படியே வாங்கி உள்ளே நுழையும் முறை சாதாரணமாகிவிட்டது. “உங்கள் மெயில்பாக்ஸ் நிரம்பிவிட்டது”, “பகிரப்பட்ட பி.ஓ.வைப் (பர்ச்சேஸ் ஆர்டர்) பார்க்க லாகின் செய்யவும்” என்று வரும் மெயில்கள்தான் பெரும்பாலும் நுழைவாயில். கடந்த இரண்டு மூன்று மாதத்தில் அப்படி ஏதாவது ஒன்றில் பாஸ்வேர்ட் அடித்த ஞாபகம் இருக்கிறதா என்று எல்லோரிடமும் கேளுங்கள். கேட்கும்போது திட்டமாட்டீர்கள் என்ற நம்பிக்கை இருந்தால்தான் உண்மையைச் சொல்வார்கள்.

ஒரு வேலை மீதம் இருக்கிறது, அதை நீங்கள் கேட்கவே இல்லை. ‘ஆர்’, ‘என்’ ஒட்டிய அந்த டொமைன் இன்னும் உயிரோடு இருக்கிறது. நேற்று சப்ளையரிடம் நீங்களாகப் பேசியவன், நாளை உங்கள் ஆடையை வாங்கும் வெளிநாட்டு பையரிடம் நீங்களாகப் பேசி, “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது” என்று சொல்லலாம். அப்போது போவது உங்களுக்கு வரவேண்டிய பணம். டொமைனைப் பதிந்து கொடுத்த நிறுவனத்தின் முறைகேட்டுப் புகார் முகவரிக்கு அந்த மெயிலையும் புகார் ரசீதையும் அனுப்பி முடக்கச் சொல்லுங்கள். சப்ளையர் பெயரில் உள்ளதற்கு அவரை எழுதச் சொல்லுங்கள். எல்லா பையர்களுக்கும், அவர்கள் ஏஜென்ட்களுக்கும் இன்றே எழுதுங்கள்: எங்கள் வங்கி விவரம் மாறவில்லை, மாறினால் மெயிலில் சொல்ல மாட்டோம், சந்தேகம் வந்தால் இந்த எண்ணில் அப்பாவிடம் பேசுங்கள். இதே வரியை இனி உங்கள் பில்லிலும் அச்சிடுங்கள். இந்த மாதம் யாரிடமிருந்து பணம் வரவேண்டியிருக்கிறதோ அவர்களுக்கு மெயில் மட்டும் போதாது, போனிலும் சொல்லிவிடுங்கள்.